மேஜர் டெய்லர் நெஜமாவே அவ்ளோ பெரிய ரேஸரா?

கேள்வி இதுதான்: "1899லயே உலக சாம்பியன் ஆன கறுப்பின சைக்கிள் வீரர்னு மேஜர் டெய்லரை சொல்றாங்க. அவர் நெஜமாவே அவ்ளோ பெரிய ரேஸரா, இல்ல பட்ட கஷ்டத்துக்காக அனுதாபத்துல தூக்கி வச்சுப் பேசுறாங்களா? அவருக்கு அப்புறம் யாராவது வந்தாங்களா?"

நெஜமாவே பெரிய ரேஸர். இதுல எனக்கு துளி சந்தேகம் கிடையாது. அவரைப் பத்தி எழுதுறவங்க முக்கால்வாசி பேர் அவமானம், அடி, கடைசில வறுமைன்னு அதையே சொல்லி முடிச்சுடுறாங்க, அதெல்லாம் நடந்தது உண்மைதான், ஆனா சைக்கிள் மேல உக்காந்து அந்த மனுஷன் என்ன பண்ணார்ங்கறது அதுல காணாமப் போயிடுது. அதனால நான் ரேஸ் பக்கம் இருந்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல காலத்தைப் புரிஞ்சுக்கணும். கறுப்பின விளையாட்டு வீரர்னாலே நமக்கு ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஞாபகம் வரும், பெர்லின் ஒலிம்பிக்ஸ் 1936. பேஸ்பால்ல ஜாக்கி ராபின்சன் பெரிய லீகுக்குள்ள வந்தது 1947. ஜாக் ஜான்சன் ஹெவிவெயிட் பட்டம் ஜெயிச்சது 1908. டெய்லர் இவங்க எல்லாருக்கும் முன்னாடி. அவருக்கு முந்தி கறுப்பினத்துல உலக சாம்பியன்னு பேர் எடுத்தவர் பாக்ஸர் ஜார்ஜ் டிக்சன், அவர் கனடாக்காரர். அமெரிக்கக் கறுப்பின மக்கள்ல எந்த விளையாட்டுலயும் முதல் உலக சாம்பியன் டெய்லர்தான்.

இன்னொரு விஷயம், அப்போ சைக்கிள் ரேஸ் ஏதோ ஓரமா நடந்த விளையாட்டு இல்ல. 1890கள்ல கார் இன்னும் பரவலா ரோட்டுக்கு வரல, வேகம்னா மக்களுக்கு சைக்கிள்தான். மரப்பலகை போட்டு வளைவுல சரிச்சுக் கட்டின ட்ராக்குகள் ஊருக்கு ஊர் இருந்துச்சு, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல கூட்டம் முண்டியடிக்கும், டாப் ரேஸர்கள் சம்பாதிச்ச காசு மத்த விளையாட்டுக்காரங்களை விட அதிகம். அந்த உச்சத்துலதான் இவர் ஜெயிச்சார்.

பொறந்தது 1878 நவம்பர் 26, இண்டியானாபோலிஸ். மார்ஷல் வால்டர் டெய்லர்ங்கறதுதான் முழுப் பேர். அப்பா கில்பர்ட், உள்நாட்டுப் போர்ல சண்டை போட்ட சிப்பாய், அப்புறம் சதர்டுன்னு ஒரு பணக்கார வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையன் டேனும் நம்ம மார்ஷலும் ஒண்ணா வளந்தாங்க, ஒரே வாத்தியார்கிட்ட படிச்சாங்க, டேன்கிட்ட இருந்த துணிமணி, பொம்மை, சைக்கிள் எல்லாம் இவருக்கும் கிடைச்சது. கொஞ்ச வருஷத்துல அந்தக் குடும்பம் சிகாகோவுக்குக் குடி போயிட்டாங்க, அம்மா பையனை அனுப்ப சம்மதிக்கல. சைக்கிள் மட்டும் மிஞ்சுச்சு. அதுல பேப்பர் போட்டுக்கிட்டே வித்தை பழகினார்.

ஒருநாள் ரிப்பேருக்காக ஹே அண்ட் வில்லிட்ஸ்ங்கற சைக்கிள் கடைக்குப் போய், கிளம்பும்போது ஏதோ ஒரு வித்தையா ஏறி உக்காந்திருக்கார், கடைக்காரர் ஹே பாத்துட்டு அங்கேயே வேலைக்கு வச்சுக்கிட்டார். வாரம் 6 டாலர், கூடவே 35 டாலர் பெறுமான ஒரு சைக்கிள். கடையைக் கூட்டித் துடைக்கணும், மத்தியானம் வாசல்ல மிலிட்டரி யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வித்தை காட்டணும். "மேஜர்"ங்கற பேர் அந்த யூனிஃபார்ம்னால ஒட்டிக்கிட்டதுதான்.

அந்தக் கடை ஜன்னல்ல ஒரு தங்க மெடல் இருந்துச்சு, ஹே நடத்துற 10 மைல் ரேஸுக்கான பரிசு. தூசி தட்ட வேண்டிய பையன் அந்த மெடலை எடுத்து சட்டையில குத்திக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துக்குவாராம், பின்னாடி அவரே எழுதியிருக்கார். ரேஸ் அன்னிக்கு ஹே விளம்பரத்துக்காக அவரையும் ஸ்டார்ட்டிங் லைன்ல நிறுத்தினார், சின்னப் பையன்னு 15 நிமிஷம் முன்கூட்டியே கிளம்ப விட்டாங்க. 13 வயசு. பெரிய ஆளுங்க துரத்திட்டு வந்தும் கடைசி வரைக்கும் பிடிக்க முடியல, மெடல் அவருக்கே வந்துடுச்சு.

அப்புறம் அவர் வாழ்க்கையில முக்கியமான மனுஷன், லூயிஸ் மங்கர். எல்லாரும் பேர்டின்னு கூப்பிடுவாங்க. வெள்ளைக்காரர், முன்னாள் ரேஸர், சைக்கிள் தயாரிச்சவர். இந்தப் பையனை உலகத்துலயே வேகமான ஆளா ஆக்கிக் காட்டுறேன்னு பிடிவாதமா நின்னார். 1895ல இண்டியானாபோலிஸ்ல இருந்து மேத்யூஸ்ங்கற ஊருக்கு 75 மைல் ரோட் ரேஸ். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா கலாட்டா ஆகும்னு டெய்லரோட என்ட்ரியை ரகசியமா வச்சிருந்தாங்க, எல்லாரும் கிளம்பினப்புறம் மறைவுல இருந்து வந்து பின்னாடி சேந்துக்கிட்டார், வழியெல்லாம் வசவும் மிரட்டலும் கேட்டுட்டுத்தான் ஓட்டினார். மழை வேற பிடிச்சுக்கிச்சு, ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க, கடைசில ஊர் போய்ச் சேந்தது டெய்லர் ஒருத்தர் மட்டும்தான். அதே வருஷம் மங்கர் தன் தொழிலை மாசசூசெட்ஸ்ல இருக்கற வூஸ்டருக்கு மாத்தினார், டெய்லரும் கூடப் போயிட்டார். இண்டியானாபோலிஸ்ல ஒய்.எம்.சி.ஏ. ஜிம்முக்குள்ள விடாத பையனை வூஸ்டர் ஒய்.எம்.சி.ஏ. சேத்துக்கிச்சு. அந்த ஊர்ல ஜார்ஜ் ஸ்ட்ரீட்னு செங்குத்தான ஒரு ஏத்தம் இருக்கு, அதுல ஏறி ஏறித்தான் பயிற்சி பண்ணார்னு சொல்வாங்க, இப்போ அந்த ஏத்தத்துலயே அவர் ஞாபகமா போட்டி நடத்துறாங்க.

ஆனா அதுக்குள்ள கதவை சாத்துற வேலையும் ஆரம்பிச்சிருந்துச்சு. அமெரிக்காவுல சைக்கிள்காரங்களுக்குப் பெரிய அமைப்பு லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென். 1894ல லூயிவில்ல கூடி, வெள்ளைக்காரங்க மட்டும்தான் மெம்பர் ஆகலாம்னு விதி போட்டாங்க. (பாஸ்டன்ல கிட்டி நாக்ஸ்னு ஒரு கறுப்பினத் தையல்காரப் பொண்ணு, இந்த விதி வர்றதுக்கு முன்னாடியே மெம்பர் ஆனவங்க, 1895ல ஆஸ்பரி பார்க்ல நடந்த லீக் விழாவுக்கு தன் மெம்பர் கார்டோட போய் நின்னாங்க. அவங்க கதையும் தனியா எழுத வேண்டியது.) ரேஸ் லைசன்ஸ் வேற, மெம்பர்ஷிப் வேறங்கறதுனால டெய்லர் எப்படியோ ட்ராக்குல இறங்க முடிஞ்சுது. அந்த விதியை அந்த அமைப்பு முறைப்படி ரத்து பண்ணது எப்போ தெரியுமா, 1999ல.

1896 ஆகஸ்ட்ல மங்கர் அவரை இண்டியானாபோலிஸ் கேபிடல் சிட்டி ட்ராக்குக்கு நைசா கூட்டிட்டுப் போனார். அங்க வெள்ளைக்கார ரேஸர்களுக்கு எதிரா ஓட விட மாட்டாங்க, சரி, கடிகாரத்துக்கு எதிரா ஓட விடுங்கன்னு ஏற்பாடு. ஒரு மைல், 2 நிமிஷம் 11 செகண்ட். அந்த ட்ராக் ரெகார்டை 8 செகண்டுக்கு மேல உடைச்சுட்டார். அங்கீகாரம் கிடையாது. கிடைச்சது என்னன்னா, இனிமே இந்த ட்ராக்குக்கு வரவே கூடாதுன்னு தடை.

அதே வருஷம் டிசம்பர்ல புரொஃபஷனல் ஆனார், இடம் மேடிசன் ஸ்கொயர் கார்டன். முதல்ல அரை மைல் ஹேண்டிகேப் ரேஸ்ல (பலமான ஆளுங்க பின்னாடி இருந்து கிளம்பணும்) அமெரிக்க சாம்பியன் எட்டி பால்டை ஜெயிச்சு 200 டாலர் வாங்கினார். அது முடிஞ்ச கையோட ஆறு நாள் ரேஸ். இப்போ இருக்கற மாதிரி ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுறது இல்ல, ஒரே ஆள், ஆறு நாளும், தூங்குற நேரம் எல்லாம் நஷ்டக் கணக்கு. டெய்லர் ஸ்ப்ரிண்டர், வயசு 18, இவ்ளோ நீளமான ரேஸ் அதுக்கு முன்னாடி ஓட்டினதே இல்ல. தூக்கம் இல்லாம கண்ணுல என்னென்னமோ தெரிய ஆரம்பிச்சு, கத்தியோட ஒருத்தன் என்னைத் துரத்துறான்னு சொல்ற நிலைமைக்குப் போயிட்டார், ஆனாலும் 1,732 மைல் ஓட்டி எட்டாவதா முடிச்சார். நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2,790 கிலோமீட்டர். அந்த மாதிரி ரேஸை அவர் திரும்பத் தொடவே இல்ல, அது சரியான முடிவுதான்னு நான் நினைக்கிறேன், அவர் உடம்பும் மூளையும் ஸ்ப்ரிண்டுக்குப் பொறந்தது.

இப்போ உங்க கேள்வியோட மையத்துக்கு வர்றேன். ஸ்ப்ரிண்ட் ரேஸ்ல முழு தூரமும் வேகமா ஓட்ட மாட்டாங்க. முன்னாடி போறவனுக்கு எதிர்காத்து முழுசா அடிக்கும், பின்னாடி ஒட்டி வர்றவனுக்கு அது நெறையக் குறையும். அதனால ஆரம்பத்துல மெதுவா, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே சுத்துவாங்க, யாரும் முன்னாடி போக விரும்ப மாட்டாங்க. கடைசி லேப்ல யாராவது ஒருத்தர் திடீர்னு பாய்வார், அங்கதான் ரேஸ் ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் பத்து பதினஞ்சு செகண்ட்ல எல்லாம் முடிஞ்சிடும். கால் பலம் எவ்ளோ முக்கியமோ அதே அளவுக்கு எந்த நொடியில பாயணும்ங்கற கணக்கும் முக்கியம்.

இதுல நாலஞ்சு பேர் கூட்டுச் சேந்தா ஒருத்தரை அடைச்சுடலாம். முன்னாடி ஒருத்தன், பக்கத்துல ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், உள்பக்கம் ட்ராக் ஓரம். அப்படி மாட்டிக்கிட்டா எவ்ளோ பலம் இருந்தாலும் வெளிய வர முடியாது. டெய்லருக்கு எதிரா இதை கிட்டத்தட்ட ஒவ்வொரு ரேஸ்லயும் பண்ணாங்க, ஜெயிக்கிறவன் பரிசுப் பணத்தைப் பங்கு போட்டுக்கறதுன்னு பேசி வச்சுக்கிட்டு. அவர் பக்கம் யாரும் கிடையாது. முழங்கையால இடிக்கிறது, சக்கரத்தைக் கொக்கி போட்டுத் தள்ளி விடுறது எல்லாம் சேத்துத்தான் அவர் கணக்குப் போடணும். அதாவது மத்தவங்க ஒருத்தரை ஒருத்தர் ஜெயிச்சா போதும், இவர் ஒவ்வொரு தடவையும் மொத்தக் கூட்டத்தையும் ஜெயிக்கணும்.

அதுக்கு அவர் கண்டுபிடிச்ச பதில்தான் அவரைப் பெரிய ரேஸர் ஆக்குச்சு. ஒண்ணு, பாய்ச்சல். மெதுவா உருட்டிக்கிட்டு இருக்கற வேகத்துல இருந்து உச்ச வேகத்துக்கு ரெண்டு மூணு பெடல்லயே போயிடுவார், பக்கத்துல இருக்கறவன் திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்திருக்கும். ரெண்டு, அடைச்சு வச்சிருக்கறவங்களுக்கு நடுவுல ஹேண்டில்பார் அகலத்துக்கு ஒரு சந்து தெரிஞ்சா அதுக்குள்ள நுழைஞ்சு வந்துடுவார், வித்தை காட்டி வளந்த பையன் ஆச்சே, சைக்கிள் அவர் சொன்னபடி கேக்கும். மூணாவது இன்னும் தைரியமானது, அடைக்கிறதுக்கு முன்னாடியே முன்னாடி போயிட்டு, எதிர்காத்து முழுசையும் தானே வாங்கிக்கிட்டு கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கிறது. இந்த மூணும் ஒரே ஆள்கிட்ட இருக்கறது அபூர்வம்.

சைக்கிள் மேல உக்கார்ற விதத்துலயும் நெறைய யோசிச்சிருக்கார். ஹேண்டில்பாரை முன்னாடி தள்ளி வைக்கிற மாதிரி, தூரத்தை அட்ஜஸ்ட் பண்ணிக்கற ஒரு ஸ்டெம் (ஹேண்டில்பாரை சைக்கிளோட இணைக்கிற துண்டு) அவர் பயன்படுத்தினார், முதுகு தரைக்கு இணையா வரும், காத்துக்குக் காட்டுற உடம்பு குறையும். பழைய ட்ராக் சைக்கிள் சேக்கிறவங்க இன்னிக்கும் அதை மேஜர் டெய்லர் ஸ்டெம்னுதான் சொல்றாங்க. அவரோட பழைய ஃபோட்டோ எதையாவது எடுத்து அந்த முதுகையும் கையையும் மட்டும் பாருங்க, பக்கத்துல நிக்கிற மத்தவங்களை விட இப்போ இருக்கற ட்ராக் ஸ்ப்ரிண்டர்கள் பக்கம்தான் நெருக்கமா இருக்கும்.

1897 சீசன்ல பாயிண்ட்ஸ் கணக்குல சாம்பியன் ஆக வாய்ப்பு இருந்துச்சு, ஆனா தெற்கு மாநிலத்து ட்ராக்காரங்க அவரோட என்ட்ரியையே ஏத்துக்கல, ஓடவே விடலேன்னா பாயிண்ட் எங்க இருந்து வரும். அதே வருஷம் மாசசூசெட்ஸ்ல டான்டன்ங்கற ஊர்ல ஒரு ரேஸ் முடிஞ்சதும், அவருக்குப் பின்னாடி வந்த பெக்கர்ங்கற ரேஸர் அவரைக் கீழ இழுத்துப் போட்டு மயங்குற வரைக்கும் கழுத்தை நெரிச்சான், போலீஸ் வந்துதான் விலக்கினாங்க, நினைவு திரும்பவே கால் மணி நேரம் ஆச்சு. பெக்கருக்குக் கிடைச்சது 50 டாலர் அபராதம். 1898 ஆரம்பத்துல தெற்குல இருக்கற சவானா ஊருக்குப் பயிற்சிக்குப் போனப்போ 48 மணி நேரத்துல ஊரை விட்டுப் போகலேன்னா நடக்கறதே வேறன்னு மண்டை ஓடு படம் போட்ட கடிதம் வந்துச்சு. திரும்பி வந்துட்டார்.

இவ்ளோவுக்கும் நடுவுல அந்த 1898 முடியறப்போ கால் மைல்ல இருந்து ரெண்டு மைல் வரைக்கும் ஏழு உலக ரெகார்டு அவர் கையில இருந்துச்சு. நின்ன இடத்துல இருந்து கிளம்பி ஒரு மைல், 1 நிமிஷம் 41.4 செகண்ட், அந்த ரெகார்டு 28 வருஷம் நின்னுச்சு. 1899 நவம்பர்ல சிகாகோ கார்ஃபீல்ட் பார்க் ட்ராக்ல நீராவி இன்ஜின் வச்ச ஒரு டேண்டம் (ரெண்டு பேர் ஓட்டுற சைக்கிள்) முன்னாடி போக, அதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு ஒரு மைலை 1 நிமிஷம் 19 செகண்ட்ல முடிச்சார். மணிக்கு 73 கிலோமீட்டர். முன்னாடி புகையும் சூடும் விட்டுக்கிட்டு ஒரு மெஷின், அதுல இருந்து கொஞ்சம் தள்ளினாலும் காத்து வந்து மோதும், கொஞ்சம் நெருங்கினாலும் சக்கரம் உரசும், சைக்கிள்ல பிரேக்கும் கிடையாது. பலம் மட்டும் இருந்தா இது முடியாது, நரம்பு இரும்பா இருக்கணும்.

உலக சாம்பியன்ஷிப் 1899 ஆகஸ்ட் 10, கனடாவுல மான்ட்ரியல், ஒரு மைல் ஸ்ப்ரிண்ட். பாஸ்டன்காரர் டாம் பட்லரை ஃபினிஷ் லைன்ல சின்ன வித்தியாசத்துல முந்தினார். தன் நாட்டுல பாதி ட்ராக் சாத்திக் கிடந்தப்போ பக்கத்து நாட்டுல அமெரிக்க தேசிய கீதத்தை அவருக்காக வாசிச்சாங்க, அமெரிக்கன்னு அவ்ளோ பெருமையா அதுக்கு முன்னாடி உணர்ந்ததே இல்லேன்னு எழுதியிருக்கார். அந்த வரியைப் படிக்கிறப்போ எனக்கு எப்பவும் தொண்டை அடைக்கும்.

இங்க நேர்மையா ஒண்ணு சொல்லணும். அந்த சமயம் அமெரிக்க ரேஸ் உலகம் ரெண்டா உடைஞ்சிருந்துச்சு, எட்டி பால்ட், டாம் கூப்பர் மாதிரி சில டாப் ரேஸர்கள் எதிர் அணியில இருந்ததால மான்ட்ரியலுக்கு வரல. அதை வச்சு இவர் பட்டத்தை அப்பவே குறைச்சுப் பேசினவங்க உண்டு, நீங்க கேட்ட சந்தேகத்துக்கும் அதுதான் இருக்கறதுலயே வலுவான வாதம். ஆனா அடுத்த வருஷம் என்னாச்சு? 1900ல எல்லாரும் இருந்த போட்டியில அமெரிக்க ஸ்ப்ரிண்ட் சாம்பியன் டெய்லர்தான். டிசம்பர்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல கூப்பரோட நேருக்கு நேர் மேட்ச், முதல் ரெண்டு ஹீட்டுமே டெய்லருக்கு, மூணாவதுக்கு வேலையே இல்ல. (இந்தக் கூப்பர் பின்னாடி ஹென்றி ஃபோர்டோட சேந்து ரேஸ் கார் கட்டினவர்.) அப்போ மிச்சம் இருந்தது ஐரோப்பா ஒண்ணுதான்.

ஐரோப்பாவுக்கு முன்னாடியே போயிருக்கலாம், 10,000 டாலர் வரைக்கும் குடுக்கறோம்னு கூப்பிட்டாங்க. ஆனா அங்க பெரிய ரேஸ் எல்லாம் ஞாயித்துக்கிழமை. இவர் பாப்டிஸ்ட், அம்மா இறந்தப்புறம் ரொம்பத் தீவிரமாயிட்டார், ஞாயித்துக்கிழமை சைக்கிள் ஏற மாட்டேன்னு சொல்லிட்டார். அன்னிக்கு ஒரு தொழிலாளி வருஷம் பூரா உழைச்சா சில நூறு டாலர்தான் கிடைக்கும், அந்தக் காலத்துல இவ்ளோ பணத்தை வேண்டாம்னு சொல்ல எவ்ளோ உறுதி வேணும்னு யோசிச்சுப் பாருங்க. கடைசில அவங்கதான் இறங்கி வந்தாங்க, ஞாயித்துக்கிழமை ஓட்ட வேண்டியதில்லேன்னு காண்ட்ராக்ட்லயே எழுதி 1901ல கூப்பிட்டாங்க. ஒரு கறுப்பின ரேஸருக்காக ஐரோப்பிய ட்ராக்காரங்க கிழமையை மாத்தினாங்க.

பாரிஸ்ல அப்போ ராஜா எட்மண்ட் ஜாக்லின், 1900 உலக சாம்பியன். ரெண்டு பேரும் மோதினது மே 16, பார்க் டெ ப்ரின்ஸ் மைதானம். நல்ல குளிர், டெய்லருக்குக் குளிர்னாலே ஆகாது, தோத்துட்டார். ஜெயிச்ச ஜாக்லின் சும்மா இல்லாம மூக்குல கட்டை விரலை வச்சு விரலை ஆட்டிக் கேலி பண்ணிக்கிட்டே லேப் போனார். டெய்லருக்கு அது ஆறவே இல்ல. அன்னிக்கே மறு போட்டி கேட்டார்.

மே 27, வெயில் நல்லா அடிச்சுது. முதல் ஹீட் டெய்லர். ரெண்டாவது ஹீட்டும் டெய்லர்.  எனக்கு இவரோட எல்லா ரேஸ்லயும் பிடிச்சது இதுதான், மான்ட்ரியலை விட. ஏன்னா இங்க கூட்டுச் சதி கிடையாது, அடைக்க ஆள் கிடையாது, ரெண்டே பேர், ஒருத்தர் உலக சாம்பியன், அவரோட சொந்த ஊர், அவரோட ரசிகர்கள். சமமா ஓட விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இதை விட சுத்தமான சோதனை வேற இல்ல. அந்த சீசன்ல ஊர் ஊரா போய் ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி சாம்பியன்களையும் தோக்கடிச்சார்.

1902ல டெய்சி மோரிஸை கல்யாணம் பண்ணிக்கிட்டார், அந்த வருஷக் கடைசில ரெண்டு பேரும் ஆஸ்திரேலியா போனாங்க. வெள்ளையர் மட்டும் குடியேறலாம்னு சட்டம் போட்டுக்கிட்டிருந்த நாடு அது, ஆனா ட்ராக்குல இவரைப் பாக்கக் கூட்டம் அலைமோதுச்சு. ரெண்டாவது தடவை போனப்போ நெலமை கெட்டுது, ஃப்ளாய்ட் மெக்ஃபார்லேண்ட்னு ஒரு அமெரிக்க ரேஸர் அங்கேயும் வந்து பழைய அடைக்கிற ஆட்டத்தை ஆரம்பிச்சான். 1904 மே மாசம் மகள் அங்கதான் பொறந்தா, ஊர் பேரையே வச்சாங்க, சிட்னின்னு. குழந்தையோட சான் ஃபிரான்சிஸ்கோவுல வந்து இறங்கினா சாப்பாட்டுக் கடையில உள்ள விடல, ஹோட்டல்ல ரூம் குடுக்கல. உலகமே கொண்டாடின ஆளுக்குத் தன் நாட்டுத் துறைமுகத்துல கிடைச்ச வரவேற்பு அது.

உடம்பும் மனசும் விட்டுப் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஒதுங்கியிருந்தார். 1907ல திரும்ப ஐரோப்பா, முதல்ல திணறினாலும் பழைய வேகம் கணிசமாத் திரும்பி வந்துச்சு. 1910ல விட்டுட்டார், 32 வயசு ஆகப் போற சமயம்.

கடைசிக் காலத்தை சுருக்கமா சொல்லிடறேன். கார் டயர்ல புதுசா ஒண்ணு பண்ணப் போய் பணம் போச்சு, மிச்சமும் கரைஞ்சுது, குடும்பம் பிரிஞ்சுது. வருஷக்கணக்கா உக்காந்து தன் கதையைத் தானே எழுதி 1928ல சொந்தக் காசுல அச்சுப் போட்டார், சிகாகோவுல வீடு வீடா ஏறி அதை வித்தார். 1932 ஜூன் 21, குக் கவுண்டி ஆஸ்பத்திரி தர்ம வார்டுல இறந்தார், 53 வயசு, மவுண்ட் க்ளென்வுட் கல்லறையில பேர்ப்பலகை கூட இல்லாம புதைச்சாங்க. 1948ல பழைய ரேஸர்கள் சேந்து, ஷ்வின் சைக்கிள் கம்பெனி ஃபிராங்க் ஷ்வின் பணம் குடுக்க, நல்ல இடத்துக்கு மாத்திக் கல் வச்சாங்க. மனசுல வெறுப்பு இல்லாம கடினமான வழியில மேல வந்தவர்னு அதுல எழுதியிருக்கு. 1982ல இண்டியானாபோலிஸ்ல கட்டின வெலோட்ரோமுக்கு (சைக்கிள் ரேஸ் ட்ராக் மைதானம்) அவர் பேர், 2008ல வூஸ்டர் பொது நூலகத்துக்கு வெளிய நினைவுச் சின்னம். மகள் சிட்னி 2005 வரைக்கும் இருந்தாங்க, அதனால வெலோட்ரோம் வந்ததையாவது அவங்க பாத்தாங்க.

அப்புறம் யாரு வந்தாங்கன்னு கேட்டிருந்தீங்க. ரொம்ப நாள் யாரும் வர முடியல, திறமை இல்லாம இல்ல, கதவு அவ்ளோ கெட்டியா மூடியிருந்துச்சு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல நெல்சன் வெயில்ஸ், நியூயார்க் ஹார்லெம்ல வளந்தவர், மன்ஹாட்டன் ட்ராஃபிக்குக்கு நடுவுல சைக்கிள்ல பார்சல் குடுத்துக்கிட்டிருந்தவர், ஸ்ப்ரிண்ட்ல வெள்ளி வாங்கினார். டெய்லரோட அதே ஸ்ப்ரிண்ட். ஒலிம்பிக்ஸ் சைக்கிளிங்ல மெடல் வாங்கின முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். பிரான்ஸோட கிரெகரி போஷே 2009, 2010னு ஆரம்பிச்சு உலக ஸ்ப்ரிண்ட் பட்டத்தைப் பல தடவை எடுத்தார். பெண்கள்ல அயேஷா மெக்கோவன், ரோட் ரேஸ்ல புரொஃபஷனல் ஆன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பொண்ணு. அமெரிக்காவுல ஊருக்கு ஊர் மேஜர் டெய்லர் பேர்ல சைக்கிள் கிளப்புகள் இருக்கு, முதல் கிளப் 1979ல ஒஹாயோ கொலம்பஸ்ல ஆரம்பிச்சது.

இப்போ நீங்க நேர்லயே டிவியில பாக்கக் கூடியவர் எரித்ரியாவோட பினியம் கிர்மாய், அஸ்மாரா பையன். 2022ல பெல்ஜியத்துல நடக்கற கெண்ட் வெவெல்கெம் ஜெயிச்சார், பெரிய கிளாசிக் ரேஸ் (ஒரே நாள்ல முடியற பாரம்பரிய ரோட் ரேஸ்) ஒண்ணை ஜெயிச்ச முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அதே வருஷம் இத்தாலியோட மூணு வார ரேஸான ஜிரோ டி இத்தாலியாவுல டச்சு ரேஸர் வான் டெர் போயலை முந்தி ஒரு ஸ்டேஜ் (ஒரு நாள் பந்தயம்). 2024 டூர் டி ஃபிரான்ஸ்ல மூணாவது ஸ்டேஜ், எட்டாவது ஸ்டேஜ், பன்னெண்டாவது ஸ்டேஜ்னு மூணு ஜெயிச்சு, பாயிண்ட்ஸ்ல முதல் ஆளுக்குக் குடுக்கற பச்சை ஜெர்சியோட முடிச்சார். அந்த மூணாவது ஸ்டேஜ் இத்தாலி டூரின்ல முடியும், கடைசி ஒரு நிமிஷ வீடியோவை ஸ்லோவா ஓட்டிப் பாருங்க, எப்போ காத்திருக்கார், எப்போ பாய்றார்னு கவனிங்க. டெய்லர் ரேஸ் ஓட்டினதுக்கு இந்த மாதிரி வீடியோ நம்மகிட்ட இல்ல, ஆனா மேல நான் சொன்ன கணக்கெல்லாம் என்னன்னு அதுல கண்ணால பாத்துக்கலாம்.